ஓபயாஷியின் ‘ஹவுஸ்’: சிரிப்பும் காத்திருத்தலும்

ஒரு படைப்பு கவனிக்கப்படாமல் போவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, யாரும் அதைப் பார்க்காமலிருப்பது. மற்றது, எல்லோரும் பார்த்து, அதற்கு ஒரு பெயரைச் சூட்டி, அந்தப் பெயரோடு திருப்தியடைந்து எழுந்து போய்விடுவது. நொபுஹிகோ ஓபயாஷியின் ‘ஹவுஸ்’ இரண்டுக்கும் ஆளான படம். 1977 ஜூலை 30 அன்று ஜப்பானில் வெளியானது. இளவட்டங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். விமர்சகர்களில் பெரும்பாலோர் முகம் சுளித்தார்கள். அதன் பிறகு ஜப்பானுக்கு வெளியே முப்பது வருஷங்களுக்கு மேல் அதைப் பற்றி அநேகமாகப் பேச்சே இல்லை. 2009, 2010 வாக்கில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டபோதுதான் இரண்டாவது விபத்து நேர்ந்தது. உலகத்திலேயே கிறுக்குத்தனமான படம், தலையும் காலும் புரியாத படம், நண்பர்களோடு நள்ளிரவில் பார்த்துக் கைதட்டிச் சிரிக்க வேண்டிய படம் என்று அது பிரபலமாயிற்று.

நம்மிடமும் இந்தப் பெயரோடுதான் வந்து சேர்ந்திருக்கிறது. வங்கியில் சாப்பாட்டு இடைவேளையில் சக ஊழியர் ஒருவர் கைபேசியில் எனக்குக் காட்டியது பியானோ ஒரு பெண்ணைத் தின்னும் காட்சி மட்டும். இரண்டு நிமிஷம் இருக்கும். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தத் துண்டுக்கு முன்னால் வரும் ரயில் காட்சியை யாரும் வெட்டி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதில்லை. ரயில் காட்சியைப் பார்க்காமல் பியானோவைப் பார்த்துச் சிரிப்பவன் படத்தில் பாதியைத்தான் பார்க்கிறான். குரோசவா, ஓசு, மிசோகுச்சி என்ற மூன்று பெயர்களோடு ஜப்பானிய சினிமாக் கணக்கை முடித்துக்கொள்ளும் நம்மவர்களுக்கோ அந்தப் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. பேய்ப்படம், அதிலும் தமாஷ். விமர்சகனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் பிறந்த கதை கௌரவமானதல்ல. 1975-ல் ஸ்பீல்பர்க்கின் ‘ஜாஸ்’ பணத்தை அள்ளியது. அது போல நம்மிடமும் ஒன்று வேண்டும் என்று தோஹோ ஸ்டூடியோவுக்குத் தோன்றியது. கேட்டது ஓபயாஷியிடம். அவர் ஸ்டூடியோவுக்குள் உதவி இயக்குநராயிருந்து படிப்படியாக மேலே வந்தவரல்ல. தொலைக்காட்சி விளம்பரப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர். ஹாலிவுட் நடிகர் சார்ல்ஸ் பிரான்ஸனை வைத்து ‘மாண்டம்’ அழகுசாதனங்களுக்கு அவர் எடுத்த விளம்பரம் ஜப்பான் முழுக்கப் பிரசித்தம். அதற்கும் முன்னால் 1960-களில் சொந்தமாகச் சோதனைக் குறும்படங்கள் எடுத்தவர். 1966-ல் வந்த ‘எமோஷன்’ அவற்றில் ஒன்று. பெரியவர்களின் கற்பனை ஏற்கெனவே தெரிந்ததையே சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லி, தம் மகள் சிகுமியிடம் உனக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டிருக்கிறார். சிறுமி சொன்னாள்: கண்ணாடியில் தெரியும் என் உருவமே வெளியே வந்து என்னைப் பிடித்துவிட்டால்? பியானோக் கட்டைகளுக்கிடையில் விரல் மாட்டிக்கொண்டால்? மேலே அடுக்கியிருக்கும் மெத்தைகள் சரிந்து என்னை மூடிவிட்டால்? கிணற்றில் குளிர வைத்த தர்ப்பூசணியை இழுக்கும்போது அது மனிதத் தலையாக இருந்தால்? இந்த பயங்களைக் கோத்து சிஹோ கட்சுரா திரைக்கதை எழுதினார். ஸ்டூடியோ சம்மதித்தது, ஆனால் இந்த அபத்தத்தை இயக்க ஸ்டூடியோவின் இயக்குநர்கள் யாரும் முன்வரவில்லை. சுமார் இரண்டு வருஷம் கழித்து ஓபயாஷியே இயக்கினார்.

விளம்பரக்காரன் என்றதும் நம் மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுபவனுக்கு ஒரு முன்முடிவு எழுந்துவிடுகிறது. வியாபாரம் வேறு, சிருஷ்டி வேறு என்ற பிரிவினை நமக்கு வசதியானது. ஓபயாஷி விஷயத்தில் அந்த வசதி கிடைப்பதில்லை. அவருடைய படிம மொழி முழுக்க விளம்பரத்தின் மொழி: மினுமினுப்பு, காற்றில் அலையும் கூந்தல், ஸ்டூடியோவில் தீட்டிய மாலை வானம், முப்பது விநாடிக்குள் மனசைப் பிடித்துவிட வேண்டுமென்ற அவசரம். இந்த மொழியை அவர் கேலி செய்வதில்லை, அதிலேயே பேசுகிறார். பேசுகிற விஷயம் மட்டும் விளம்பரம் எதையெல்லாம் மறைக்குமோ அது.

கதை இதுதான். ஓஷாரே என்று செல்லப்பெயர் கொண்ட பள்ளி மாணவி. அலங்காரப் பிரியை என்று பொருள் சொல்லலாம். தாயை இழந்தவள். சினிமாவுக்கு இசையமைக்கும் தந்தை இத்தாலியிலிருந்து திரும்பும்போது, இனி இவள்தான் உன் தாய் என்று ஒரு பெண்ணை அழைத்து வந்து நிறுத்துகிறார். கோபத்தில் ஓஷாரே தாயின் அக்காவுக்கு, நம் முறையில் சொன்னால் பெரியம்மாவுக்கு, கடிதம் எழுதுகிறாள். கோடை விடுமுறைக்கு ஆறு தோழிகளோடு கிராமத்திலிருக்கும் அந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். கற்பனையில் மிதப்பவள் ஃபான்டா, படிப்பாளி காரி, சண்டைக்காரி குங்ஃபூ, சாப்பாட்டுப் பிரியை மாக், பியானோ வாசிக்கும் மெலடி, சாதுவான ஸ்வீட். பெரியம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறாள். மடியில் வெள்ளைப் பூனை. ஒவ்வொரு பெண்ணாக வீடு விழுங்குகிறது. விழுங்க விழுங்கப் பெரியம்மாவுக்குத் தெம்பு கூடுகிறது. நாற்காலியை விட்டு எழுந்து நடக்கிறாள். அவள் என்றைக்கோ இறந்துபோனவள். போருக்குப் போன காதலன் திரும்பி வருவான் என்று காத்திருந்தே இறந்தவள். கல்யாணமாகாத பெண்களைத் தின்றால்தான் அவளால் மறுபடி கல்யாண உடை உடுத்த முடியும்.

இனி ரயில் காட்சி. வண்டியில் போகும்போது ஓஷாரே பெரியம்மாவின் கதையைத் தோழிகளுக்குச் சொல்கிறாள். அது ஒரு பழைய மௌனப் படமாகத் திரையில் ஓடுகிறது. காதல், பிரிவு, திரும்பி வருவேன் என்ற வாக்கு, போர். ஓடுகிற படத்தின் மேல் இந்தப் பெண்களின் குரல்கள், ஏதோ தியேட்டரில் உட்கார்ந்து பார்ப்பதுபோல அரட்டையடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கணம் அணுகுண்டின் காளான் மேகம் எழுகிறது. அதைப் பார்த்து ஒருத்தி, பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

படத்தின் மையம் இந்த ஒரு வாக்கியம் என்று நினைக்கிறேன். ஓபயாஷி 1938-ல் ஹிரோஷிமா மாகாணத்தின் ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது ஏழு வயது. அவர் அந்தப் பெண்ணை இந்த வாக்கியத்துக்காகக் கண்டிப்பதில்லை. அவள் போருக்குப் பல வருஷங்களுக்குப் பின் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அந்த வடிவத்துக்குப் பஞ்சுமிட்டாய்தான் உவமை. ஆனால் அவர் அவளை மன்னிப்பதுமில்லை. அந்த வாக்கியத்துக்குப் பிறகு ரயில் நேரே போய்ச் சேருவது பெரியம்மாவின் வீட்டுக்கு. தெரியாதவர்கள், தெரிந்தே செத்தவளின் வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போகிறார்கள். அங்கே நடப்பது ஒரு தலைமுறைக்கும் இன்னொரு தலைமுறைக்கும் இடையிலான சாப்பாடு. இதே தோஹோ ஸ்டூடியோதான் 1954-ல் ‘கோட்ஸில்லா’வை எடுத்தது. அன்று குண்டின் நினைவு கடலிலிருந்து எழுந்த பிராணியாக வந்து நகரத்தை மிதித்தது. பார்த்தவர்களுக்கு அது எதன் நினைவு என்று தெரிந்திருந்தது. 23 வருஷத்துக்குப் பிறகு அதே நினைவு ரயில் பெட்டியில் ஒரு வேடிக்கைப் பேச்சாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கத்தைக் கண்டு ஓபயாஷிக்கு ஏற்பட்ட பயம் சிகுமியின் பயங்களைவிடப் பெரியது.

பெரியம்மாவுக்கு ஒரு சகோதரி ஜப்பானிய சினிமாவில் ஏற்கெனவே இருக்கிறாள். ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) வரும் நோரிகோ. அந்தப் படத்தின் வயோதிகத் தம்பதியின் ஊரும் ஓனோமிச்சிதான். அவர்களின் மருமகள் அவள். கணவன் போரில் போய் எட்டு வருஷம். மறுமணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பிள்ளைகள் செய்யாத பணிவிடையை மாமனார் மாமியாருக்குச் செய்கிறாள். எந்நேரமும் புன்னகை. கடைசியில்தான் அந்தப் புன்னகை விரிசல் விடுகிறது. கணவனை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பதில்லை, ஆனால் மனசு எதற்கோ காத்திருக்கிறது என்று மாமனாரிடம் ஒப்புக்கொள்கிறாள். அவர் இறந்துபோன மனைவியின் கடிகாரத்தை அவளிடம் கொடுக்கிறார். டோக்கியோ திரும்பும் ரயிலில் அவள் அந்தக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். உலக சினிமாவின் மிக நிதானமான காட்சிகளில் ஒன்று அது.

அந்த நிதானத்தின் அடியில் என்ன இருந்திருக்கும் என்பதுதான் ‘ஹவுஸ்’ கேட்கும் கேள்வி. மிசோகுச்சியின் ‘உகெட்சு’விலும் (1953) செத்துப்போன மனைவி வீட்டில் காத்திருக்கிறாள், ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய கணவனுக்கு ஓரிரவு சோறு சமைத்துப்போட்டு மறைகிறாள். காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த மேதைகள் கொடுத்தது புன்னகையும் சோறு படைக்கும் கையும். ஓபயாஷி கொடுத்தது பற்கள். காத்திருத்தல் பெண்ணை உன்னதமாக்குகிறது என்ற நம்பிக்கையை அவர் தலைகீழாக்குகிறார். பறிபோன வாழ்க்கை எங்கேயும் போய்விடாது, அதைப் பசியாக வைத்துக்கொண்டிருப்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்கிறார். ஓசுவின் கடிகாரம் கைக்கு வருகிறது. ஓபயாஷியின் வீட்டில் ஸ்வீட் என்ற பெண் பெரிய கடிகாரத்துக்குள் சிக்கி ரத்தமாக வழிகிறாள். ஓபயாஷி ஓசுவை மனத்தில் வைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரே நோயை இருவர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் அதன் மரியாதையைப் பார்த்தார், இன்னொருவர் அதன் ஜுரத்தை.

இந்த வெளிச்சத்தில் வீடு எவற்றால் கொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தி, துப்பாக்கி ஒன்றும் இல்லை. மெத்தை, கண்ணாடி, கடிகாரம், விளக்கு, பியானோ, கிணறு. ஜப்பானில் மணப்பெண் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் சீரில் படுக்கையும் அலங்காரக் கண்ணாடியும் உண்டு. பெரியம்மா நடத்தாமல் போன குடித்தனத்தின் சாமான்கள் இவை. அவள் கலைத்துப்போட்டிருக்க வேண்டிய மெத்தை ஸ்வீட்டின் மேல் விழுகிறது. அவள் பார்த்துச் சிங்காரித்துக்கொண்டிருக்க வேண்டிய கண்ணாடியில் ஓஷாரேயின் முகம் உடைந்து நெருப்பாகிறது. அந்தக் கணத்திலிருந்து அவள் ஓஷாரே அல்ல. ஒரு சிறுமி தன் வீட்டில் பார்த்துப் பயந்த பொருள்களை ஒரு விதவையல்லாத விதவையின் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் இந்தப் படத்தின் சிருஷ்டிகரமான காரியம். சிறுமியின் பயம் விளையாட்டு. பெரியம்மாவின் வீட்டில் அதே பயத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

தந்திரக் காட்சிகள் போலியாக இருக்கின்றன என்பது பெரும்பாலோர் சொல்லும் குறை. உண்மைதான், போலியாகத்தான் இருக்கின்றன. வெட்டி ஒட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. வானம் திரைச்சீலை என்று குழந்தைக்கும் தெரியும். மாக்கின் தலை கிணற்றிலிருந்து மிதந்து வந்து ஃபான்டாவின் பின்புறத்தைக் கடிக்கும்போது யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் ஸ்டூடியோவின் சகல சாமர்த்தியங்களும் கையிலிருக்க, விளம்பரத் துறையில் பழுத்த ஒருவர், தெரியாமல் இப்படிச் செய்திருப்பார் என்று நினைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். ஒரு குழந்தை கத்தரிக்கோலும் வண்ணக் காகிதமுமாக உட்கார்ந்து செய்தது போலவே அவர் செய்திருக்கிறார். யதார்த்தமாகக் காட்டியிருந்தால் நாம் ரத்தத்துக்கு பயந்து கண்ணை மூடியிருப்போம். பயம் அதோடு தீர்ந்திருக்கும். போலி என்று தெரிவதால் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறோம், சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பில் ரயில் பெட்டியின் பெண்களில் ஒருவராகிவிடுகிறோம். பஞ்சுமிட்டாய் என்று சொன்னது இப்போது நாம். படம் பார்வையாளனை இந்த இடத்துக்குத்தான் கொண்டுவர விரும்பியது. கைதட்டிச் சிரித்துவிட்டுப் போகிறவன் பொறியில் விழுந்ததை அறியாமலே போகிறான்.

பூனை விஷயமும் வெறும் கிறுக்கல்ல. எஜமானிக்காகப் பழிவாங்கும் பேய்ப்பூனை ஜப்பானியக் கதைமரபில் பழையது. ஹிரோஷிமாவில் பிறந்த இன்னொரு கலைஞரான கானேடோ ஷின்டோ 1968-ல் அதை ‘குரோனேகோ’ என்ற கருப்பு வெள்ளைப் படமாக, மிகுந்த கம்பீரத்தோடு எடுத்தார். அங்கே சிப்பாய்களால் சீரழிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண்கள் சாமுராய்களைப் பழிவாங்குகிறார்கள். குற்றமும் தண்டனையும் நேர்க்கோட்டில் நிற்கின்றன. ‘ஹவுஸ்’ அந்த நேர்மையைக் கலைத்துவிடுகிறது. போரை நடத்தியவர்கள் யாரும் இந்த வீட்டுக்கு வருவதில்லை. வருபவர்கள் பதினாறு பதினேழு வயசுப் பெண்கள். பழி தவறான ஆளின் மேல் இறங்குகிறது. போரின் கணக்கு எப்போதும் தவறான ஆளிடம்தான் வசூலாகிறது என்பதை இதைவிடக் குரூரமாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாராட்டு மட்டும் விமர்சனமாகாது. ஏழு பெண்களில் ஓஷாரேயும் ஓரளவு ஃபான்டாவும் தவிர மற்றவர்கள் ஒவ்வொரு குணத்துக்கும் ஒவ்வொரு சீட்டுக் குத்தப்பட்ட பொம்மைகள். பெயரே குணம் என்பது வேடிக்கைக்கு உதவுகிறது. ஆனால் ஒருத்தி சாகும்போது ஒரு குணம் கழிந்ததாகத்தான் நமக்குப் படுகிறது, ஓர் உயிர் போனதாக அல்ல. தலைமுறையைப் பற்றிய படம் அந்தத் தலைமுறைக்கு இன்னும் கொஞ்சம் மனசு கொடுத்திருக்கலாம். பெண்களின் உடம்பைக் காமிரா பார்க்கும் பார்வையில் விளம்பரக்காரனின் பழைய புத்தி எட்டிப் பார்க்கிறது. அந்த இளம் உடல்களின் நிர்வாணத்துக்குக் கதையில் எந்தக் காரணமும் இல்லை. காப்பாற்ற வரும் ஆசிரியர் வாழைப்பழக் குவியலாக மாறுவது அபத்தமல்ல, அசட்டுத்தனம். அபத்தத்துக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கும். இதன் பின்னால் ஒன்றுமில்லை. நடுப்பகுதியில் தந்திரத்தின் மேல் தந்திரமாகக் குவிந்து பார்வையாளனுக்குச் சலிப்புத் தட்டும் இடங்களும் உண்டு.

ஆனால் முடிவு இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்கிறது. மறுநாள் காலை. சித்தியாக வரப்போகும் ரியோகோ, அந்தப் பெண்ணோடு சமாதானமாகிவிடலாம் என்று நம்பி, கழுத்துத் துணி காற்றில் அலைய வந்து சேர்கிறாள். கிமோனோ உடுத்து அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஓஷாரே வரவேற்கிறாள். தோழிகள் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள், பசியோடு எழுவார்கள் என்கிறாள். கை நீட்டுகிறாள். ரியோகோ தீப்பற்றி மறைகிறாள். வெளியே நல்ல வெயில், இதமான இசை. அதன் மேல் பெரியம்மாவின் குரல் காதலைப் பற்றிப் பேசுகிறது: உடம்பு அழிந்தாலும் நேசித்தவர்களின் மனத்தில் ஒருவர் வாழ்வார் என்பது போன்ற வார்த்தைகள். வேறொரு படத்தில் கண்ணீர் வரவழைக்கும் வார்த்தைகள்தான். ஏழு பெண்களைத் தின்று முடித்த வாயிலிருந்து அவை வருகின்றன. அவை பொய்யல்ல என்பதுதான் சங்கடம். பெரியம்மாவின் காதல் நிஜமானது, அவளுக்கு நேர்ந்த அநியாயம் நிஜமானது, அவள் செய்தது கொலை. மூன்றையும் ஒரே குரலில் கேட்கும்படி படம் நம்மை உட்கார்த்திவைக்கிறது. அவளாக நடித்த யோகோ மினமிதா எந்த இடத்திலும் பேயாக நடிப்பதில்லை. விருந்தாளிகள் வந்ததில் மகிழ்ந்துபோன தனிக்கட்டை உறவுக்காரியாகவே கடைசிவரை இருக்கிறார்.

ஒரு பேய்த் தமாஷாவுக்குள் போரை நான் வலிந்து திணிப்பதாகத் தோன்றினால், ஓபயாஷியின் பிற்காலத்தைப் பார்க்கலாம். இடையில் அவர் ‘டென்கோசெய்’ (1982) முதலிய ஓனோமிச்சிப் படங்களால் ஜப்பானில் பெரிய பெயரெடுத்தார். கடைசிப் பத்து வருஷங்களில் அவர் விடாமல் எடுத்தவை போரைப் பற்றிய படங்கள். அவற்றில் ஒன்று ‘ஹனகதாமி’ (2017). அதன் திரைக்கதையை அதே சிஹோ கட்சுராவோடு ‘ஹவுஸ்’ படத்துக்கும் முன்பே எழுதி வைத்திருந்தார்; நாற்பது வருஷம் கழித்து, புற்றுநோயோடு, அதை எடுத்து முடித்தார். போருக்குக் கிளம்பும் இளைஞர்களும் அவர்களை வழியனுப்பும் பெண்களும் அதில் இருக்கிறார்கள். அதே திரைச்சீலை வானம், அதே வெட்டி ஒட்டும் குறும்பு. இறுதிப் படமான ‘லாபிரிந்த் ஆஃப் சினிமா’வில் ஒரு பழைய தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் திரைக்குள் போய், போர்களுக்கிடையில் மாட்டிக்கொண்டு, ஹிரோஷிமா வரைக்கும் போகிறார்கள். அந்தப் படம் வெளியாவதாக முதலில் குறித்திருந்த 2020 ஏப்ரல் 10 அன்றே ஓபயாஷி காலமானார். ரயில் பெட்டியில் மௌனப் படம் பார்த்து அரட்டையடித்த பெண்களையும் இந்த இளைஞர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1977-ல் பஞ்சுமிட்டாய் என்ற ஒரு வார்த்தையில் முடித்ததை விரித்துச் சொல்ல அவருக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது தெரிகிறது.

சிரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிரிக்காமல் ‘ஹவுஸ்’ பார்ப்பவன் இன்னொரு விதமான மூடன். ஆனால் எதைப் பார்த்து, யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்பதைப் படம் முடிந்த பிறகாவது கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிறுக்குத்தனம் என்ற பெயர் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. பெரிய மேதைகளின் படங்களை மட்டுமே பார்ப்போம் என்ற நம் ஆசாரமும் அதையேதான் செய்கிறது. இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒருமுறை, துண்டு துண்டாக அல்லாமல் முழுசாக, இந்தப் படத்தைப் பாருங்கள். முடிந்தால் ‘டோக்கியோ ஸ்டோரி’யை முந்தின நாள் பார்த்துவிட்டு.